கத்திக் கத்திச் சொல்லித் தந்தா வண்டி ஓட்ட வந்துடுமா? டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்களுக்கும் பயிற்சி தேவை

நாமக்கல்,

நாமக்கல்லில் விடிந்தும் விடியாத நேரத்தில் மோகனூர் ரோடு, பரமத்தி ரோடு, சேந்தமங்கலம் ரோடு பக்கம் போனால் 'எல்' போர்டு மாட்டிய கார்கள் ஆமை வேகத்தில் ஊர்ந்து கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கண்ணாடியை இறக்கி விட்ட கார் என்றால், உள்ளே இருந்து வரும் சத்தமும் ரோட்டுக்குக் கேட்கும்.

"கிளட்ச்சை விடு... விடுன்னா மெதுவா விடணும்... பிரேக், பிரேக், பிரேக்! எங்கே பாக்கறீங்க? எத்தனை தடவை சொல்றது?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அதற்குள் வேர்த்துக் கொட்டிவிடும். இடது காலா வலது காலா என்பதே மறந்து போகும். வண்டி குலுங்கி நிற்கும். பின்னால் வரும் பஸ்காரர் ஆரனை அமுக்குவார். அடுத்த நாள் வகுப்புக்கு வரவே பலருக்கு மனசு வராது.

இப்படித்தான் தமிழ்நாடு முழுக்க ஒரு தலைமுறையே கார் ஓட்டக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுக்கும் மாஸ்டரும் இப்படித்தான் கற்றுக்கொண்டார். அவருக்கு அவருடைய குரு கத்தினார். இவர் தன் மாணவரிடம் கத்துகிறார். வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு இருக்கிறோம். இரண்டும் வேறு வேறு வேலை.

லாரிகளும் டேங்கர்களும் நிறைந்த மாவட்டம் இது. திருச்செங்கோடு ரிக் வண்டியும் நாமக்கல் லாரியும் போகாத மாநிலம் கிடையாது. டிரைவர் வேலையை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கிற ஊரில், டிரைவர்களை உருவாக்கும் மாஸ்டர்களின் தரம் பற்றி யாரும் பேசாதது ஆச்சரியம்தான். இதுபற்றிய சிறப்பு அலசல் வருமாறு:-

சட்டம் என்ன சொல்கிறது?

டிரைவிங் ஸ்கூல் நடத்துவதற்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் விவரமாகவே வழி சொல்லி இருக்கின்றன. அந்த விதிகளில் 24-வது விதிப்படி மாஸ்டராக இருப்பவர் குறைந்தது 10-ம் வகுப்பு தேறி இருக்க வேண்டும். 5 ஆண்டு வண்டி ஓட்டிய அனுபவம் வேண்டும். மோட்டார் மெக்கானிக் படிப்பில் சான்றிதழ் வேண்டும். சாலைக் குறியீடுகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். வண்டியின் பாகங்களை எடுத்துக் காட்டி விளக்கத் தெரிய வேண்டும். ஆங்கிலமோ அந்த வட்டார மொழியோ நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கூலில் பாடம் நடத்த அறை வேண்டும். கரும்பலகை, சிக்னல் மாதிரிகள், குறியீட்டு அட்டைகள், கியர் பாக்ஸ், பிரேக் டிரம், ஜாக்கி, ஸ்பேனர் செட், முதலுதவிப் பெட்டி, புத்தகங்கள் இருக்க வேண்டும். காரில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் வைத்த இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன விதியில் ஒரு விஷயம் விடுபட்டுப் போனது. மாஸ்டருக்கு வண்டி தெரியுமா, இஞ்சின் தெரியுமா, போர்டு தெரியுமா என்று கேட்கிறார்கள். பயந்து நடுங்கும் ஒருவருக்குப் புரியும்படி சொல்லத் தெரியுமா, பொறுமை இருக்கிறதா, தப்பு எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியுமா என்று பார்ப்பதற்கு வழியே இல்லை. ஒருமுறை மாஸ்டர் ஆனவரை, இன்றைக்கு எப்படிச் சொல்லித் தருகிறார் என்று பார்க்க, பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு வகுப்பை யாரும் கவனிப்பதும் இல்லை.

10 மணி நேரம் எங்கே போச்சு?

சிறிய ரக வண்டிக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, வண்டி ஓட்டும் நேரம் மட்டும் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது 31-வது விதி. இந்த 10 மணி நேரத்தை 21 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 28 நிமிடத்துக்கு மேல் வரும். ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று படிவம் 15-ல் பதிவேடு எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதிதான்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒரே காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புவது பல ஊர்களில் சகஜம். ஒருவர் ஓட்ட, இரண்டு பேர் பின்னால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஒரு மணி நேர வகுப்பை மூன்று பேர் பங்கு போட்டால் தலைக்கு 20 நிமிடம். 21 நாளும் தவறாமல் வந்தால்கூட மொத்தம் 7 மணி நேரம்தான் தேறும். "10 நாள்ல முடிச்சுடலாம்" என்று சொல்லும் இடத்தில் தினம் அரை மணி நேரம் கிடைத்தாலும் மொத்தம் 5 மணி நேரம்தான்.

இதில் மாஸ்டரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. ஒரு தெருவில் நாலு ஸ்கூல் இருந்தால் போட்டிக்கு ரேட்டைக் குறைக்கிறார்கள். ரேட்டைக் குறைத்தால் டீசலை மிச்சம் பிடிக்க வேண்டும். டீசலை மிச்சம் பிடித்தால் வகுப்பு சுருங்கும். வகுப்பு சுருங்கினால் மாஸ்டருக்கு நிதானமாகச் சொல்லித் தர நேரம் ஏது? அங்கேதான் கத்தல் ஆரம்பிக்கிறது.

மாஸ்டரின் பாடும் சுகமானது இல்லை. காலை 6 மணிக்கு இடது சீட்டில் உட்கார்ந்தால் இருட்டும் வரை இறங்க முடியாது. ஓட்டுவது யாரோ, உயிர் இவருடையது. எப்போது எவன் குறுக்கே வருவான், பக்கத்தில் இருப்பவர் எதை மிதிப்பார் என்று நாள் முழுக்கக் கால் பிரேக் மேலேயே இருக்கும். இத்தனைக்கும் கிடைக்கிற சம்பளத்தைப் பார்த்து, கொஞ்ச நாளில் ஆக்டிங் டிரைவராகவோ டாக்சிக்கோ போய்விடுகிறவர்கள் நிறைய பேர். அனுபவப்பட்டவர் போய், புதியவர் வந்து உட்காருகிறார்.

இரண்டாவது பிரேக் செய்யும் மாயம்

இரட்டைக் கட்டுப்பாடு உயிரைக் காப்பாற்றும் கருவி. அதுவே சில நேரம் பாடத்தைக் கெடுத்தும் விடுகிறது.

மேட்டில் வண்டி நிற்கிறது. மாணவர் கிளட்ச்சை விடுகிறார். வண்டி அணையப் போகும் நேரத்தில் மாஸ்டர் தன் பக்கத்துக் கிளட்ச்சை லேசாக மிதித்து வண்டியை எடுத்து விடுகிறார். அதைச் சொல்வதும் இல்லை. மாணவர் தானே எடுத்ததாக நினைத்துக்கொள்கிறார். 21 நாள் கழித்துச் சொந்தக் காரில் தனியாக ஏறி உட்காரும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அதே மேட்டில் வண்டி பின்னால் உருளுகிறது. பக்கத்து சீட்டில் மாஸ்டரும் இல்லை, இரண்டாவது பிரேக்கும் இல்லை.

லைசென்சு கையில் வைத்துக்கொண்டு, "கார் இருக்குது, ஆனா ஓட்டப் பயமா இருக்குதுங்க" என்று சொல்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். இவர்கள் மறுபடியும் பணம் கட்டி இன்னொரு ஸ்கூலில் சேருகிறார்கள்.

இந்த இரட்டைக் கட்டுப்பாட்டு விவகாரம் பக்கத்து மாநிலமான கேரளாவில் பெரிய சண்டையாகவே வெடித்தது. 2024-ம் ஆண்டு டிரைவிங் டெஸ்ட் முறையை அங்கே மாற்றியபோது, டெஸ்டுக்கு இரட்டைக் கட்டுப்பாட்டு வண்டியைக் கொண்டு வரலாமா என்பதும் பிரச்சினைகளில் ஒன்றாக இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் சுமார் 2 வாரம் டெஸ்டைப் புறக்கணித்துப் போராடினார்கள். அரசுடன் பேச்சுவார்த்தை நடந்த பிறகே போராட்டம் முடிந்தது.

நல்ல மாஸ்டர் இதற்கு ஒரு சின்ன வழி வைத்திருப்பார். தான் பெடலைத் தொட்டால் உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுவார். "இப்ப பிரேக் போட்டது நான். எதுக்குப் போட்டேன்னு தெரியுதுங்களா?" என்று கேட்பார். மாணவர் யோசித்துப் பதில் சொல்வார். அந்தப் பதிலில்தான் பாடம் இருக்கிறது. ஒரு வகுப்பில் எத்தனை தடவை மாஸ்டர் பெடலைத் தொட்டார் என்று எண்ணி வந்தாலே போதும். முதல் நாள் 15 தடவை, பத்தாம் நாள் 3 தடவை, கடைசி நாள் ஒரு தடவைகூட இல்லை என்றால் மாணவர் உண்மையிலேயே தேறிவிட்டார் என்று அர்த்தம்.

கத்துவதா, கேட்பதா?

வெளிநாடுகளில் இதை ஒரு தனித் தொழில் திறமையாகவே வளர்த்து இருக்கிறார்கள். இங்கிலாந்தில் காசு வாங்கிக்கொண்டு கார் ஓட்டச் சொல்லித்தர வேண்டும் என்றால் அரசிடம் பதிவு பெற்ற பயிற்சியாளராக வேண்டும். அதற்கு 3 தேர்வு. முதலில் எழுத்துத் தேர்வு. இரண்டாவது அவர் எப்படி ஓட்டுகிறார் என்ற தேர்வு. மூன்றாவது அவர் எப்படிச் சொல்லித் தருகிறார் என்ற தேர்வு. தேர்வாளர் பின் சீட்டில் உட்கார்ந்து, நிஜ மாணவருக்கு நடக்கும் வகுப்பைக் கவனித்து 17 அம்சங்களில் மார்க் போடுவார்.

வேலைக்கு வந்த பிறகும் விடுவது இல்லை. 4 ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி பின் சீட்டில் அதிகாரி வந்து உட்காருவார். தரம் குறைந்தால் பதிவே பறிபோகும்.

அங்கே மார்க் போடும் விஷயங்கள் மூன்று வகை. மாணவரின் தேவைக்கு ஏற்றபடி வகுப்பைத் திட்டமிட்டாரா? ஓடும் வண்டியில் ஆபத்தை எப்படிச் சமாளித்தார்? எந்த நேரத்தில் எது மாணவர் பொறுப்பு, எது தன் பொறுப்பு என்று தெளிவாகச் சொன்னாரா? மாணவரைத் தானே யோசிக்க வைத்தாரா? இதைத்தான் 'கோச்சிங்' என்கிறார்கள். பெயர்தான் புதுசு. விஷயம் நம்ம ஊர் நல்ல வாத்தியார்களுக்குத் தெரிந்ததுதான்.

உதாரணத்துக்கு ஒன்று. ரோட்டோரம் டவுன் பஸ் நிற்கிறது. எல் போர்டு கார் நெருங்குகிறது. ஒரு மாஸ்டர், "பிரேக்! பிரேக்!" என்று கத்துகிறார். மாணவர் மிதிக்கிறார். கத்தினால் மிதிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார். இன்னொரு மாஸ்டர் 100 மீட்டருக்கு முன்னாலேயே, "அந்த பஸ்சுக்கு முன்னாடி இருந்து யார் வரலாம்?" என்று கேட்கிறார். "ஸ்கூல் பசங்க ஓடி வரலாம்" என்கிறார் மாணவர். "அப்ப என்ன செய்யலாம்?" என்கிறார் மாஸ்டர். மாணவர் தானாகவே காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுக்கிறார். இவர் நிற்கும் பஸ்சைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அது கூட வரும்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் கத்துவது நேரத்துக்கு உதவாது. 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. மாஸ்டர் சொல்லி, அது காதில் விழுந்து, மண்டையில் ஏறி, கால் நகர 2 விநாடி ஆனால் கார் 22 மீட்டர் போய்விடும். எனவே சொல்வதை முன்கூட்டியே சொல்வதுதான் மாஸ்டரின் முதல் திறமை. திரும்ப வேண்டிய இடத்தில் வந்து "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்தினால் மாணவர் கண்ணாடியும் பார்க்க மாட்டார், இண்டிகேட்டரும் போட மாட்டார், ஸ்டியரிங்கை மட்டும் ஒடிப்பார்.

மாஸ்டர்கள் பழக வேண்டியவை

கத்தாமல் கற்றுக்கொடுக்கப் பெரிய படிப்பு தேவை இல்லை. அனுபவமுள்ள மாஸ்டர்கள் கையாளும் முறைகள் எளிமையானவை.

முதல் நாள் வண்டியை எடுப்பதற்கு முன் 10 நிமிடம் பேச வேண்டும். ஏற்கனவே டூவீலர் ஓட்டுவாரா, எதற்காகக் கற்றுக்கொள்கிறார், எதைக் கண்டால் பயம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். லோடு ஆட்டோ ஓட்ட வந்த இளைஞருக்கும், பிள்ளையை ஸ்கூலில் விட வந்த அம்மாவுக்கும் ஒரே பாடம் சரிப்பட்டு வராது.

ஒரு வகுப்பில் ஒரு விஷயம் போதும். இன்றைக்கு அரை கிளட்ச் என்றால் அரை கிளட்ச் மட்டும். அதே நாளில் ரிவர்ஸ், ரவுண்டானா, ஓவர்டேக் என்று எல்லாவற்றையும் திணித்தால் ஒன்றும் மண்டையில் நிற்காது.

தப்பு நடந்தால் ஓரமாக நிறுத்திப் பேச வேண்டும். ஓடும் வண்டியில் விளக்கம் சொன்னால் மாணவர் ரோட்டைப் பார்ப்பாரா, மாஸ்டர் பேச்சைக் கேட்பாரா?

வகுப்பு முடிந்ததும் 5 நிமிடம். "இன்னைக்கு எது நல்லா வந்துச்சு? எது உதைச்சுது?" என்று மாணவரிடமே கேட்க வேண்டும். தன் தப்பைத் தானே சொல்லத் தெரிந்தவர்தான் மாஸ்டர் இல்லாத நாளிலும் தன்னைத் திருத்திக்கொள்வார்.

செல்போன் இன்னொரு பிரச்சினை. மாணவர் ஓட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் மாஸ்டர் அடுத்த அட்மிஷனைப் பற்றி போனில் பேசிக்கொண்டு வருவது அடிக்கடி கண்ணில் படும் காட்சி. ஓட்டும்போது போன் பேசக்கூடாது என்று சொல்லித்தர வேண்டியவரே அதைச் செய்தால் மாணவர் எதைக் கற்றுக்கொள்வார்?

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். டிரைவிங் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் பெருகிவிட்டார்கள். "உங்களுக்கு எதுக்கும்மா காரு" என்ற கேலி, கியர் போடும்போது கையைப் பிடிப்பது, தேவை இல்லாத பேச்சு ஆகியவற்றைச் சகித்துக்கொண்டு பாதியில் நின்று போனவர்கள் உண்டு. வெளியே சொல்வது இல்லை, அவ்வளவுதான். அவசரத்தில் மாஸ்டர் பிடிக்க வேண்டியது ஸ்டியரிங்கைத்தான், மாணவியின் கையை அல்ல. தொட்டுத்தான் காட்ட வேண்டும் என்றால் முதலில் கேட்க வேண்டும். பெண் மாஸ்டர்களை அதிகம் உருவாக்குவதும் இதற்கு நல்ல தீர்வு.

பழைய பாடம், புது வண்டி

மாஸ்டர்களுக்குத் தொடர் பயிற்சி ஏன் தேவை என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. வண்டியும் மாறிவிட்டது, சட்டமும் மாறிவிட்டது.

அம்பாசிடர் காலத்தில், "பிரேக்கை விட்டு விட்டு அடி, ஒரேடியா மிதிச்சா வண்டி சறுக்கும்" என்று சொல்லித் தந்தார்கள். அன்றைக்கு அது சரி. 2019-ம் ஆண்டு ஏப்ரல் முதல் வரும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அதில் அவசர நேரத்தில் பிரேக்கை நன்றாக அழுத்தி மிதித்துக் காலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பெடல் கடகடவென்று அதிரும், பயப்படக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டியே பார்த்துக்கொள்ளும். இதைத் தெரியாமல் பழைய பாடத்தையே சொல்லித் தந்தால், மாணவர் ஆபத்தான நேரத்தில் பிரேக்கில் இருந்து காலை எடுத்து விடுவார்.

ஸ்டியரிங்கைக் கடிகாரத்தின் 10, 2 மாதிரி பிடிக்கச் சொன்னார்கள். ஏர்பேக் வந்த பிறகு 9, 3 நிலையே நல்லது என்கிறார்கள். ஏர்பேக் வெடிக்கும்போது கைகள் முகத்தில் வந்து அடிக்காமல் இருக்க இது உதவும். கியரே இல்லாத ஆட்டோமேட்டிக் கார், சத்தமே இல்லாத எலக்ட்ரிக் கார் என்று ரோடு மாறிக்கொண்டே போகிறது.

சட்டத்திலும் அப்படித்தான். 1989-ம் ஆண்டு சாலை விதிமுறைகளை எடுத்துவிட்டு 2017-ம் ஆண்டு புதிய வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மத்திய அரசு கொண்டு வந்துவிட்டது. 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு அபராதங்கள் எல்லாம் ஏறிவிட்டன. விபத்தில் அடிபட்டவருக்கு உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற பாதுகாப்பும் சட்டத்தில் வந்துவிட்டது. இதெல்லாம் மாஸ்டர் வாய்வழியாகத்தான் மாணவருக்குப் போக வேண்டும். மாஸ்டருக்கு யார் சொன்னது?

ஏன் இப்போது அவசரம்?

இந்தியாவிலேயே அதிக சாலை விபத்துகள் நடக்கும் மாநிலம் என்ற பெயர் தமிழ்நாட்டுக்கு இருக்கிறது. 2022-ம் ஆண்டு மட்டும் தமிழ்நாட்டில் 64 ஆயிரத்து 105 விபத்துகள் நடந்தன. 17 ஆயிரத்து 884 பேர் இறந்தார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 49 உயிர். எல்லாவற்றுக்கும் பயிற்சிக் குறைவு காரணம் என்று சொல்ல முடியாது. ரோடு, வண்டி, குடி, அதிவேகம் என்று காரணங்கள் பல. ஆனாலும் ரோட்டைப் பார்த்து முன்கூட்டியே யோசிக்கும் பழக்கம் ஓட்டுபவருக்கு எங்கே வர வேண்டும் என்றால் அது முதல் வகுப்பில்தான்.

இன்னும் இரண்டு மாற்றங்கள் மாஸ்டரின் பொறுப்பை ஏற்றி விட்டன. போக்குவரத்து வாகன டிரைவருக்கு 8-ம் வகுப்புப் படிப்பு வேண்டும் என்ற நிபந்தனையை மத்திய அரசு 2019-ம் ஆண்டு நீக்கியது. ஏழை இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் நல்ல மாற்றம் இது. ஆனால் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதவருக்கு மாஸ்டர் சொல்வதுதான் புத்தகம்.

அடுத்தது, 2024-ம் ஆண்டு நவம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு 5 நீதிபதிகள் அமர்வு கொடுத்த தீர்ப்பு. சிறிய ரக வாகன லைசென்சு வைத்திருப்பவர் 7 ஆயிரத்து 500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம், அதற்குத் தனி அனுமதி வேண்டியது இல்லை என்று தீர்ப்பு சொன்னது. லோடு ஆட்டோ, மினி வேன் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. விபத்து நஷ்டஈட்டில் லைசென்சைக் காரணம் காட்டித் தட்டிக் கழிக்கும் தொல்லை குறைந்தது. அதே நேரம், சின்னக் காரில் சில மணி நேரம் ஓட்டிப் பழகியவர் நாளைக்கே முட்டை ஏற்றிய வேனை ஓட்டிக்கொண்டு சேலம் ரோட்டில் போகலாம் என்று ஆகிவிட்டது. ஆகவே அந்தச் சில மணி நேரத்தில் மாஸ்டர் எப்படிச் சொல்லித் தந்தார் என்பது முன்னைவிட இப்போது முக்கியம்.

பெரிய மையம் வந்தா சின்ன ஸ்கூல் என்ன ஆகும்?

அங்கீகாரம் பெற்ற டிரைவர் பயிற்சி மையங்கள் என்ற புது ஏற்பாட்டுக்கான விதிகள் 2021-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்தன. அங்கே சிறிய ரக வண்டிக்கு 4 வாரத்தில் 29 மணி நேரம் பயிற்சி. அதில் 8 மணி நேரம் பாடம், 21 மணி நேரம் ஓட்டுவது. பழைய விதியின் 10 மணி நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மாஸ்டர் 12-ம் வகுப்பு தேறியவராக, 5 ஆண்டு ஓட்டிய அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். கிராமத்து ரோடு, டவுன் ரோடு, ஹைவே, மேடு பள்ளம், ரிவர்ஸ், பார்க்கிங் எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் டெஸ்டு கிடையாது.

இதைக் கேட்டதும் சின்ன ஸ்கூல்காரர்கள் வயிற்றில் புளி கரைந்தது உண்மை. ஏக்கர் கணக்கில் நிலம், சிமுலேட்டர், டெஸ்டு டிராக் என்றால் ஒரு கார், ஒரு ஆபீஸ் வைத்துப் பிழைப்பவர் எங்கே போவார்? 2024-ம் ஆண்டு ஜூன் 1-ந்தேதி முதல் எல்லாம் மாறிவிடும் என்று பரபரப்பாகச் செய்தி பரவியபோது பலர் ஆடிப் போனார்கள். அப்படி எந்த மாற்றமும் இல்லை, பழைய டிரைவிங் ஸ்கூல்களும் நடக்கலாம் என்று மத்திய அரசு விளக்கம் சொன்ன பிறகே மூச்சு வந்தது.

நிலத்தில் போட்டி போட முடியாத சின்ன ஸ்கூல், சொல்லித் தரும் தரத்தில் போட்டி போடலாம். அதற்குப் பெரிய முதல் தேவை இல்லை. ஒரு ஊரில் உள்ள 10 ஸ்கூல் மாஸ்டர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி ஒருவர் வகுப்பை இன்னொருவர் பின் சீட்டில் இருந்து கவனித்தால் போதும். "நீங்க இன்னைக்கு 12 தடவ கத்தினீங்க, 3 தடவ சொல்லாம பிரேக் மிதிச்சீங்க" என்று நட்பாகச் சொன்னாலே மாற்றம் வரும். கண்ணாடியில் முகம் பார்ப்பது மாதிரிதான் இது.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. ஸ்கூல் லைசென்சை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அந்த நேரத்தில் ஜாக்கி இருக்கிறதா, சார்ட் இருக்கிறதா என்று பார்ப்பதோடு மாஸ்டர் ஒருவர் வகுப்பு எடுப்பதையும் பிரேக் இன்ஸ்பெக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். ஆண்டுக்கு 2 நாள் புத்தாக்கப் பயிற்சியைக் கட்டணம் இல்லாமல் நடத்தலாம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வளாகங்கள் இதற்குப் போதும். பயிற்சிக்கு வரும் 2 நாள் கூலியை மாஸ்டர் இழக்காதபடி உதவித்தொகை கொடுத்தால் எல்லோரும் வருவார்கள். படிவம் 15 பதிவேட்டைச் சும்மா எழுதி வைக்காமல், மாணவரிடம் போனில் கேட்டுச் சரிபார்த்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சேரப் போகிறவர்கள் கவனத்துக்கு...

பணம் கட்டும் முன் ரேட்டை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. ஸ்கூல் லைசென்சும், மாஸ்டர் பெயரும் கண்ணில் படும்படி மாட்டி இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பார்க்க வேண்டும். மொத்தம் எத்தனை மணி நேரம் தன் கையில் ஸ்டியரிங் இருக்கும் என்று கேட்க வேண்டும். ஒரே காரில் எத்தனை பேரை ஏற்றுவார்கள் என்று கேட்க வேண்டும். இரவில் ஒரு நாள், மழையில் ஒரு நாள், ஹைவேயில் ஒரு நாள் ஓட்ட விடுவார்களா என்று கேட்க வேண்டும்.

முதல் இரண்டு நாளிலேயே மாஸ்டர் யார் என்று தெரிந்துவிடும். கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறாரா, பதில் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். கடைசி வாரத்தில், "இன்னைக்கு நீங்க எந்தப் பெடலையும் தொடாதீங்க மாஸ்டர், ஆபத்துன்னா மட்டும் தொடுங்க, தொட்டா சொல்லிடுங்க" என்று தைரியமாகக் கேட்கலாம். நல்ல மாஸ்டர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

டெஸ்டில் எட்டு போடக் கற்றுக்கொடுப்பது ஒரு வாரத்து வேலை. ரோட்டில் 40 ஆண்டு பத்திரமாக ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் மாஸ்டர் வேலை. கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கும் தாய்க்கு, எதிரே வரும் கார்க்காரர் எந்த ஸ்கூலில் படித்தார் என்று தெரியாது. அவர் மாஸ்டர் ஒழுங்காகச் சொல்லித் தந்திருப்பார் என்று நம்பித்தான் காலை எடுத்து வைக்கிறாள்.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற மாஸ்டர்களுக்கு ஆண்டுக்கு 2 நாள் பயிற்சி கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவு இல்லை. போக்குவரத்துத் துறை கவனிக்குமா?